உங்கள் டிப்ஸுக்குத் தமிழ் தெரியுமா?

கம்ப்யூட்டர் இதழ் கைக்கு வந்ததும் நம்மில் பலர் முதலில் புரட்டுவது டிப்ஸ் பக்கத்தைத்தான். நாலு வரி ப்ரோகிராம், ஒரு செட்டிங், ஒரு ஷார்ட்கட் என்று இருக்கும். உடனே செய்து பார்க்கலாம், உடனே பலனும் தெரியும். இன்ஜினீயரிங் படித்த காலத்தில் நானும் அப்படித்தான் கற்றுக் கொண்டேன். இன்று சாஃப்ட்வேர் வேலையில் இருக்கும்போதும் தினம் இரண்டு துணுக்காவது தேடி எடுக்கிறேன். நான் தங்கியிருக்கும் பொத்தேரியில் மாணவர்கள் அதிகம். ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் நேரத்தில் டீக்கடையில் பார்த்தால்கூட "அண்ணா, இதுக்கு ஒரு சின்ன கோடு இருக்கா?" என்றுதான் கேட்கிறார்கள்.

இந்தத் துணுக்குகள் மீது எனக்கு எந்தக் கோபமும் இல்லை. ஆயிரம் பக்கப் புத்தகம் சொல்லித் தராததை நாலு வரி சொல்லித் தந்துவிடும். ஆனால் ஒரு குறையைப் பல வருடங்களாகக் கவனித்து வருகிறேன். அநேகமாக எல்லாத் துணுக்குகளும் "ஹலோ வேர்ல்ட்" அல்லது "ஜான் ஸ்மித்" என்ற ஆங்கிலச் சொல்லை வைத்தே சோதிக்கப்படுகின்றன. அதே துணுக்கில் நம் ஊர்ப் பெயரையோ, நம் வீட்டு ஆட்களின் பெயரையோ தமிழில் கொடுத்துப் பாருங்கள். பல துணுக்குகள் உடைந்து போகும்.

ஆகவே என் கருத்து இதுதான். தமிழ்ப் பெயர் ஒன்றைக் கொடுத்து ஓட்டிப் பார்க்காத துணுக்கு, பாதி எழுதிய துணுக்கு. அதை அச்சிடவும் கூடாது, ப்ராஜெக்ட்டில் ஒட்டவும் கூடாது. ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதை உதாரணங்களோடு பார்ப்போம். கட்டளைப் பெயர்களை உச்சரிப்பின்படி தமிழில் தருகிறேன். டைப் செய்யும்போது ஆங்கிலத்தில் அடித்துக் கொள்ளுங்கள்.

பொத்தேரிக்கு எத்தனை எழுத்து?

ஒன்றாம் வகுப்புக் குழந்தையைக் கேட்டால் பொ, த், தே, ரி என்று எண்ணி நான்கு என்று சொல்லிவிடும். பிஎச்பி மொழியைக் கேட்டுப் பாருங்கள். "ஸ்டர்லென்" என்ற ஃபங்ஷன் 24 என்கிறது. "எம்பி_ஸ்டர்லென்" 8 என்கிறது. "கிராஃபீம்_ஸ்டர்லென்" மட்டும்தான் 4 என்கிறது.

இது எப்படி? 1991-ல் வந்த யூனிகோடின் முதல் பதிப்பிலேயே தமிழ் இடம் பெற்றுவிட்டது. தமிழுக்கென்று 128 இடங்கள் ஒதுக்கப்பட்டன. அதில் நம் 247 எழுத்துகளும் தனித்தனியாக இல்லை. உயிர் எழுத்துகளுக்கும் அகரமேறிய மெய்களுக்கும் இடம் உண்டு. கொம்பு, கால், புள்ளி போன்ற குறிகளுக்குத் தனி இடம் உண்டு. "தே" என்பது கம்ப்யூட்டருக்கு த, அதன் பின் ஒரு இரட்டைக் கொம்பு என இரண்டு குறியீடுகள். அப்படிக் கணக்கிட்டால் பொத்தேரிக்கு எட்டு. யுடிஎஃப்-8 முறையில் சேமிக்கும்போது ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் மூன்று பைட்டுகள். எட்டு மூன்று இருபத்து நான்கு.

மூன்று விடையும் சரியே. இடம் எவ்வளவு வேண்டும் என்றால் 24, குறியீடுகள் எத்தனை என்றால் 8, மனிதன் படிக்கும் எழுத்து எத்தனை என்றால் 4. ஆங்கிலத்தில் இந்த மூன்று கேள்விக்கும் ஒரே விடை வருவதால், துணுக்கு எழுதியவருக்கு மூன்று கேள்விகள் இருப்பதே தெரிவதில்லை.

இதனால் என்ன நஷ்டம் என்கிறீர்களா? ஆரக்கிள் டேட்டாபேஸில் "வார்கேர்2" வகையில் 50 என்று கொடுத்து ஊர்ப் பெயருக்கு ஒரு காலம் அமைக்கிறோம் என்று வைத்துக் கொள்ளுங்கள். வேறெதுவும் சொல்லாவிட்டால் அந்த 50 பைட்டுக் கணக்கு. பொத்தேரிக்கு அடுத்த ஸ்டேஷன் காட்டாங்குளத்தூர். எண்ணிப் பாருங்கள், 17 குறியீடுகள், 51 பைட்டுகள். ஒரே ஒரு பைட்டு கூடிவிட்டதால் அந்த ஊர்க்காரரின் விவரம் டேட்டாபேஸில் ஏறாது. ஆங்கிலத்தில் இதே பெயருக்குப் பதினான்கு பைட்டு போதும். காலம் அமைக்கும்போது 50 என்ற எண்ணுக்குப் பின் "கேர்" என்று ஒரு சொல் சேர்த்திருந்தால் பிரச்னையே இல்லை.

வெட்டுவதும் திருப்புவதும்

ஒரு சொல்லைத் தலைகீழாகத் திருப்பும் ப்ரோகிராம், எல்லா இன்டர்வியூவிலும் கேட்கப்படும் ஒன்று. பைதானில் அதற்கு ஒரே வரி. அந்த வரியில் பொத்தேரியைக் கொடுத்தால் "ரிதேத்பொ" என்று வர வேண்டும். வருவதோ, முன்னால் ஒரு கொக்கி அந்தரத்தில் தொங்க, "ரேத்தொப". குறிகள் எல்லாம் பக்கத்து எழுத்தில் போய் ஒட்டிக் கொள்கின்றன.

தலைகீழாகத் திருப்புவது விளையாட்டு, நிஜ வேலையில் யார் செய்வார்கள் என்று கேட்கலாம். சரி, முதல் எழுத்தை எடுப்பது? இனிஷியல் போடுவதற்காக அப்பா பெயரின் முதல் எழுத்தை எடுக்கும் துணுக்கு எல்லா ஊரிலும் உண்டு. முருகன் என்ற பெயரில் அது "ம" என்று எடுக்கும். நமக்கு வேண்டியது "மு". மு.வ. என்று தமிழுலகம் அறிந்த மு. வரதராசனை இந்தத் துணுக்கு ம.வ. ஆக்கிவிடும். கோபாலின் மகனும் கண்ணனின் மகனும் ஒரே "க" இனிஷியலோடு பட்டியலில் நிற்பார்கள்.

பெரிய பெயரைச் சுருக்கிக் காட்டும் துணுக்கும் அப்படித்தான். செங்கல்பட்டை ஏழு குறியீட்டில் வெட்டினால் "செங்கல்" மட்டும் மிஞ்சும். பைட்டுக் கணக்கில் வெட்டினால் இன்னும் மோசம். பொத்தேரியைப் பத்து பைட்டில் வெட்டினால் "பொத" என்று வந்து, பக்கத்தில் கறுப்புக் கட்டத்துக்குள் ஒரு கேள்விக்குறி நிற்கும். அந்தக் கேள்விக்குறியை நீங்கள் பல இடங்களில் பார்த்திருப்பீர்கள். "ஃபான்ட் பிரச்னை" என்று சொல்லி எல்லாரும் கடந்து போகிறார்கள். பல நேரங்களில் அது ஃபான்ட் பிரச்னையே அல்ல, வெட்டிய இடம் தப்பு.

இதற்கு மருந்து கடினமானதல்ல. பிஎச்பியில் "கிராஃபீம்" என்று தொடங்கும் ஃபங்ஷன்களைப் பயன்படுத்துங்கள். பிரவுசரில் ஓடும் ஜாவாஸ்கிரிப்டில் "இன்டெல் டாட் செக்மென்டர்" இருக்கிறது. பைதானுக்கு "ஓப்பன்-தமிழ்" என்ற இலவச லைப்ரரி உண்டு. அதில் "கெட்_லெட்டர்ஸ்" என்ற ஃபங்ஷன் தமிழ்ச் சொல்லை எழுத்து எழுத்தாகப் பிரித்துத் தரும். பிரித்த பிறகு திருப்பலாம், வெட்டலாம், முதல் எழுத்தை எடுக்கலாம்.

எழுத்தே இல்லாத பெயர்

பெயர்க் கட்டத்தில் எண்ணும் குறியும் வரக் கூடாது என்று சோதிப்பதற்கு பைதானில் "இஸ்ஆல்ஃபா" என்ற வசதி உண்டு. எல்லாம் எழுத்தாக இருந்தால் "ட்ரூ" சொல்லும். அதில் "பல" என்று கொடுங்கள், ட்ரூ வரும். "சில" என்று கொடுங்கள், ஃபால்ஸ் வரும். "தமிழ்" என்று கொடுத்தாலும் ஃபால்ஸ்தான். யூனிகோட் கணக்கில் கொக்கியும் புள்ளியும் எழுத்து வகையில் சேராமல், எழுத்தோடு ஒட்டும் குறி என்ற தனி வகையில் சேர்வதுதான் காரணம். குறி இல்லாத சொல் மட்டும் தேறும். அப்படி ஒரு குறிகூட இல்லாத தமிழ்ப் பெயர் எத்தனை பேருக்கு இருக்கும்?

எங்கள் தெருவில் இருக்கும் ஓர் அக்கா, ஓர் அலுவலகத்தின் ஆன்லைன் படிவத்தை நிரப்ப என்னிடம் வந்தார். தமிழில் பெயர் கேட்கும் கட்டம் அது. டைப் செய்ததும் "எழுத்துகளை மட்டும் பயன்படுத்தவும்" என்று சிவப்பில் வந்தது. நான்கு தரம் அடித்தோம், நான்கு தரமும் அதே வரி. "என் பேருல எழுத்தே இல்லையா தம்பி?" என்று கேட்டார். கடைசியில் அந்தக் கட்டத்தில் ஆங்கிலத்தில் பெயரை அடித்து அனுப்பினோம். தமிழில் இல்லை என்று விண்ணப்பம் திரும்பி வந்தது. அதற்காக அவர் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு நேரில் போய் வர வேண்டியிருந்தது.

அந்தக் கட்டத்துக்குப் பின்னால் என்ன ப்ரோகிராம் இருந்தது என்று எனக்குத் தெரியாது. ஆனால் இதே விளைவைத் தரும் துணுக்குகள் எல்லாப் பக்கங்களிலும் கிடைக்கின்றன. "ஏ முதல் இஸட் வரை" என்று சோதிக்கும் ரெகுலர் எக்ஸ்ப்ரஷன் தமிழை முழுதாகத் தள்ளிவிடும். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் யூனிகோடின் "எல்" வகையைச் சோதிப்பார்கள். எல் என்பது எழுத்து. அதோடு ஒட்டுக்குறிகளுக்கான "எம்" வகையையும் சேர்த்தால்தான் தமிழ் உள்ளே வரும். இனிஷியலுக்காக ஒரு புள்ளியையும் ஒரு இடைவெளியையும் அனுமதித்து விடுங்கள். கூடவே "லாஸ்ட் நேம் கட்டாயம்" என்ற நிபந்தனையையும் எடுத்து விடுங்கள். அப்பா பெயரை இனிஷியலாகப் போடும் ஊரில், குடும்பப் பெயருக்கு எங்கே போவது?

கண்ணுக்கு ஒன்று, கம்ப்யூட்டருக்கு வேறு

தேடும் துணுக்குகளில் இன்னொரு சிக்கல். "பொ" என்பதை ப-வுடன் ஒரே ஒகரக் குறியாகவும் சேமிக்கலாம், கொம்பு தனி கால் தனி என்று இரண்டு குறியாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். பழைய ஃபான்ட்டிலிருந்து மாற்றிய ஃபைல்களில் இரண்டாவது வகை வர வாய்ப்பு அதிகம். சமம்தானா என்று ப்ரோகிராமில் கேட்டால் இல்லை என்று சொல்லும். ஒப்பிடும் முன் இரண்டையும் "என்எஃப்சி" வடிவத்துக்கு மாற்றுங்கள். பைதானில் "யூனிகோட்டேட்டா" என்ற மாட்யூலில் இதற்கு வசதி உள்ளது.

இதற்கும் அடங்காதது கௌரி. ஔகாரக் குறி போட்டு அடிப்பவரும் உண்டு. கெ போட்டுப் பக்கத்தில் ள-கரம் அடித்து "கெளரி" என்று எழுதுபவரும் உண்டு. ஔவையார் கதையும் இதேதான். என்எஃப்சி இதைச் சரி செய்யாது. ள உண்மையிலேயே வேறு எழுத்து அல்லவா? இதற்கு நாமே ஒரு விதி எழுதித் தேட வேண்டும்.

அகர வரிசைப்படுத்தும் துணுக்கையும் சொல்லிவிடுகிறேன். யூனிகோடில் ன என்ற எழுத்து ந-வுக்கு அடுத்து வைக்கப்பட்டுள்ளது. நம் வரிசையில் அதுதான் கடைசி மெய். எனவே சாதாரண "சார்ட்" கட்டளை "மனம்" என்பதை "மரம்" என்பதற்கு முன்னால் வைக்கும். "அக்கா" முன்னும் "அகம்" பின்னும் வர வேண்டிய இடத்தில் மாற்றி வைக்கும். அகராதி வரிசை தெரிந்த ஆசிரியர் அந்த மாணவர் பட்டியலைப் பார்த்தால் தலையில் அடித்துக் கொள்வார். ஜாவாஸ்கிரிப்டில் "இன்டெல் டாட் கொலேட்டர்" கட்டளைக்குத் தமிழின் குறியான "டிஏ" கொடுத்தால் சரியான வரிசை கிடைக்கும்.

செட்டிங்குகளும் விதிவிலக்கல்ல

பழைய வாசகர்களுக்கு நினைவிருக்கும். விண்டோஸ் 2000-தான் யூனிகோட் தமிழோடு வந்த முதல் விண்டோஸ். லதா ஃபான்ட் அதில்தான் வந்தது. எக்ஸ்பியில் தமிழ் ஒழுங்காகத் தெரிய, கன்ட்ரோல் பேனலில் ரீஜினல் செட்டிங் போய், காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட் என்ற இடத்தில் டிக் செய்து, விண்டோஸ் சிடியைப் போட வேண்டும். அந்த ஒரு டிப்ஸ் தெரியாதவர்களுக்குக் கொம்புகள் எல்லாம் இடம் மாறித் தெரிந்தன. ஒரு நல்ல செட்டிங் டிப்ஸ் எவ்வளவு உதவும் என்பதற்கு அதைவிட வேறு உதாரணம் வேண்டாம்.

இன்றைக்கு அதே மாதிரி தெரிந்து கொள்ள வேண்டியவை சில. மைஎஸ்க்யூஎல் 5.7 வரை டேட்டாபேஸின் இயல்பு எழுத்து முறை லத்தீன்1. பழைய டிப்ஸ்களில் "யுடிஎஃப்8 என்று மாற்று" என்றிருக்கும். அது மூன்று பைட்டு வரைதான் தாங்கும். சாதாரணத் தமிழுக்குப் போதும். ஆனால் 2019-ல் யூனிகோட் 12 பதிப்பில் முந்திரி, மாகாணி போன்ற நம் பழைய பின்ன எண்களுக்கும் குறிகளுக்கும் தனிப் பகுதி கிடைத்தது. அவற்றுக்கு நான்கு பைட்டு வேண்டும். ஸ்மைலிகளுக்கும் அப்படியே. ஆகவே "யுடிஎஃப்8எம்பி4" என்று கொடுங்கள். 2018-ல் வந்த 8.0 பதிப்பிலிருந்து அதுவே இயல்பு.

சிஎஸ்வி ஃபைலை எக்ஸெலில் திறந்தால் தமிழ் கோணல்மாணலாகத் தெரிகிறதா? பைதானில் எழுதும்போது என்கோடிங் இடத்தில் "யுடிஎஃப்-8-சிக்" என்று கொடுங்கள். ஃபைலின் தொடக்கத்தில் ஓர் அடையாளம் சேர்ந்து, எக்ஸெல் புரிந்து கொள்ளும்.

எஸ்எம்எஸ் அனுப்பும் துணுக்கில் 160 எழுத்து என்று சோதித்திருப்பார்கள். தமிழ் ஒரு எழுத்து சேர்ந்தாலும் ஒரு மெசேஜுக்கு 70 குறியீடுதான். அதற்கு மேல் போனால் 67, 67 ஆகப் பிரியும். காட்டாங்குளத்தூர் என்ற ஒரு சொல்லே 17 எடுத்துக் கொள்ளும். மாதக் கடைசியில் எஸ்எம்எஸ் பில் ஏன் இரண்டு மடங்கு வந்தது என்று கடைக்காரர் கேட்பார்.

நேரத்தையும் கவனியுங்கள். நாம் உலக நேரத்துக்கு ஐந்தரை மணி முன்னால் இருக்கிறோம். முழு மணியாகக் கணக்கிடும் துணுக்கு அந்த அரை மணியை விழுங்கிவிடும். உலக நேரத்தில் ஓடும் சர்வரில் காலை 6 மணிக்கு என்று அமைத்த வேலை, நமக்குப் பகல் 11.30-க்குத்தான் நடக்கும். லினக்ஸில் நேர மண்டலத்துக்கு "ஏசியா/கொல்கத்தா" என்று கொடுக்கவும்.

"எல்லாம் ஆங்கிலத்தில்தானே நடக்கிறது?"

என் நண்பர்கள் இதைத்தான் கேட்கிறார்கள். ஆங்கிலத்தில் எழுதினாலும் நம் பெயர்கள் நிலையாக இருப்பதில்லை. 2020 ஜூனில் தமிழக அரசு 1018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்துகளை மாற்றி ஆணை வெளியிட்டு, சில நாட்களிலேயே அதைத் திரும்பப் பெற்றது. எத்தனை எழுத்துப் பிழைகள் என்று அப்போது ஊரே பேசியது. தமிழில் எழுதினால் எங்கள் ஊர் பொத்தேரி, அவ்வளவுதான். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டையொட்டிக் கீபோர்டுக்குத் தரம் வந்தது. 2010 ஜூனில் கோவை செம்மொழி மாநாட்டின்போது யூனிகோடை அரசே தரமாக அறிவித்தது. வழி போட்டாயிற்று. அந்த வழியில் நம் ப்ரோகிராம்கள் நடக்க வேண்டாமா?

இன்னொரு கேள்வி, "இப்போது ஏஐ எழுதித் தருகிறதே?" நன்றாகவே எழுதுகிறது. தமிழ்ப் பெயர் வரும் என்று சொல்லிக் கேட்டால் பல நேரம் சரியாகவும் தருகிறது. சொல்லாவிட்டால், உலகம் முழுக்கப் புழங்கும் அதே பழைய துணுக்கின் சாயலில்தான் தரும். பலர் பயன்படுத்துவதால் மட்டும் ஒரு துணுக்கு சரியாகிவிடாது. ஃபைல் அளவைக் கேபி, எம்பி என்று காட்டும் ஒரு ஜாவா துணுக்கை ஆண்ட்ரியாஸ் லண்ட்பிளாட் என்பவர் 2010-ல் எழுதினார். அதிகம் காப்பி அடிக்கப்பட்ட ஜாவா துணுக்கு அதுதான் என்று பின்னால் ஓர் ஆய்வில் தெரிந்தது. 2019-ல் அவரே அதில் தப்பு இருக்கிறது என்று எழுதினார். 9,99,999 பைட்டு கொடுத்தால் ஒரு எம்பி என்பதற்குப் பதில் ஆயிரம் கேபி என்று காட்டியது. அத்தனை பேர் ஒட்டினார்கள், அந்த எண்ணைக் கொடுத்துப் பார்த்தவர் இல்லை.

என்ன செய்யலாம்?

துணுக்கு எழுதும் நண்பர்களுக்கு என் வேண்டுகோள் மூன்று. எந்தப் பதிப்பில் ஓடும் என்று எழுதுங்கள். செட்டிங் டிப்ஸ் என்றால் பழைய நிலைக்குத் திரும்பும் வழியையும் எழுதுங்கள். தமிழில் சோதித்தீர்களா, என்ன விடை வந்தது என்று ஒரு வரி சேருங்கள். வேலை செய்யவில்லை என்றால் அதையும் எழுதுங்கள். படிப்பவர் ஏமாற மாட்டார்.

மாணவர்களுக்கும் வீட்டில் ப்ரோகிராம் எழுதிப் பார்ப்பவர்களுக்கும் ஒரு சின்னப் பட்டியல் தருகிறேன். எங்கள் மின்சார ரயில் பாதையிலிருந்து நான்கு ஊர், கூட ஒரு பெயர். முதல் எண் எழுத்து, இரண்டாவது குறியீடு, மூன்றாவது யுடிஎஃப்-8 பைட்டு.

பொத்தேரி: 4, 8, 24
கூடுவாஞ்சேரி: 6, 12, 36
காட்டாங்குளத்தூர்: 9, 17, 51
செங்கல்பட்டு: 7, 12, 36
கௌரி: 2, 4, 12

எந்தத் துணுக்கை எடுத்தாலும் இந்த ஐந்தையும் கொடுத்துப் பாருங்கள். எண்ணச் சொல்லுங்கள், வெட்டச் சொல்லுங்கள், வரிசைப்படுத்தச் சொல்லுங்கள், சேமித்துத் திரும்ப எடுக்கச் சொல்லுங்கள். பத்து நிமிட வேலைதான். தேறாவிட்டால், மேலே சொன்ன வழிகளில் எது பொருந்தும் என்று பார்த்துத் திருத்திக் கொள்ளுங்கள். கடைசியாக உங்கள் அம்மாவின் பெயரைத் தமிழில் அடித்து என்டர் தட்டுங்கள். அது முழுதாகத் திரும்பி வந்தால் அந்தத் துணுக்கைத் தாராளமாக ஒட்டிக் கொள்ளலாம்.